முத்திரை வைத்த நட்சத்திரம்

முதல்லயே சொல்லிப்புடுதேன், நான் யாரையும் நம்புறவ கிடையாது. "அக்கா, இந்தா வாரேன்"னு டீயைப் பாதியில வச்சிட்டு எந்திரிக்கிறவனையும் நம்ப மாட்டேன், "ஒன் கைப்பக்குவம் ஒருத்திக்கும் வராது"ன்னு பல்லைக் காட்டுறவனையும் நம்ப மாட்டேன். உப்பளத்து வாசல்ல அடுப்பைப் பத்தவச்சி உக்காந்திருக்கவளுக்கு, வாரவன் போறவன் மூஞ்சியப் பாத்தாலே என்னத்தை ஒளிச்சி வச்சிருக்கான்னு தெரிஞ்சிரும். தெரியலன்னா இன்னும் பெருசா எதையோ ஒளிச்சி வச்சிருக்கான்னு அர்த்தம். அதனால நான் சொல்லுறதுல பொய் இருக்காது. சந்தேகம் இருக்கும், அதுக்கு நான் பொறுப்பில்ல.

அந்தப் புரட்டாசிக் கடைசியில, மழை எறங்குமுன்ன உப்பு அம்பாரத்தையெல்லாம் பனையோலை போட்டு மூடிக்கிட்டிருந்த ஒரு மத்தியானம், வெயில் கண்ணைக் குத்த, பொம்பளையெல்லாம் முந்தானையை நெத்தி வரைக்கும் இழுத்துக்கிட்டு ஓலை சொமந்துக்கிட்டிருந்த நேரத்துல, மேல இருந்து வெள்ளையா ஒண்ணு எறங்கி, கடலைப் பாத்த கடைசிப் பாத்தி வரப்புல வந்து உக்காந்துச்சி. விழலய்யா, எறங்குச்சி. முட்டிவலிக்காரவிய பஸ்ஸுல இருந்து எறங்குவாவள்லா, கம்பியப் பிடிச்சி, ஒரு காலை ஊணி, மூச்சு வாங்கி, அடுத்த காலை வச்சி, அப்பிடித்தான் எறங்குச்சி. தேங்காய் அளவுதான் இருக்கும். ஆனா லோடு ஏத்துற ஆம்பளைய அம்புட்டுப் பேரும் கடப்பாறையப் போட்டு நெம்பியும் அசையல, கடப்பாறைதான் வளைஞ்சிச்சி.

அது நட்சத்திரம்னு எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கல. விடியுமுன்ன அளத்துக்கு நடக்கிறவிய நாங்க. மேல இருக்கது அம்புட்டும் பழகுன மூஞ்சிதான். கெழட்டு நட்சத்திரம். வெளிச்சம்னு பெருசா ஒண்ணும் கிடையாது, பகல்ல பாத்தா உப்புக்கட்டி மாதிரிதான் கிடக்கும். கையை வச்சா மட்டும் அடைக்கோழி வயித்துக்குக் கீழ கையை விட்டாப்புல ஒரு சூடு. ஏன் எங்க அளத்துக்கு வந்துச்சி, ஏன் கடல்ல விழல, ஏன் பூமி பொத்துக்கிட்டுப் போகலன்னு கேக்காதிய. நாங்களும் கேக்கல. நாங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: இது என்னத்துக்கு வந்திருக்கு, யாரு கூட்டிக்கிட்டு வந்தா?

வேலை செய்யுறவியளைக் கண்காணிக்க மொதலாளிதான் ஏற்பாடு பண்ணியிருக்காருன்னு பொம்பளைய பேசிக்கிட்டாளுவ. வேலையைக் கெடுக்க நாங்கதான் எங்கிருந்தோ உருட்டிக்கிட்டு வந்து போட்டிருக்கோம்னு மொதலாளி கார் கண்ணாடியை எறக்காமலே சொல்லிட்டுப் போனாரு. பக்கத்துப் பாத்தி எலிசம்மா, சும்மாவே காத்துக்கு ஒரு காரணம் கேக்கிறவ, "பெரிய எடத்துல இருந்து சின்ன எடத்துக்கு ஒருத்தர் வாராருன்னா அங்க ஏதோ பண்ணிட்டு வந்திருக்காருன்னுதான அர்த்தம்"னா. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சி. ஆனாலும் வயசானவரு இல்லியா, அதனால அதுன்னு சொல்லாம பெரியவர்னு சொல்ல ஆரம்பிச்சோம். மரியாதை வேற, நம்பிக்கை வேற.

அவரு வந்ததுக்கப்புறம் எல்லாமே கொஞ்சம் அவரு பக்கமா சாஞ்சிச்சி. அம்பாரத்து ஓலையெல்லாம் கடலுப் பக்கம் வளைஞ்சிச்சி, சாத்தி வச்ச கதவு தன்னால தெறந்துக்கிடுச்சி, காக்கா நேரா பறந்து வந்து அந்த எடத்துல மட்டும் கொஞ்சம் வளைஞ்சி போச்சி, என் கடையில கிளாஸ்ல ஊத்துன டீ ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் எறங்கி நின்னுச்சி. எறங்கின பக்கத்தைக் காட்டி "அளவு கொறையுது"ன்னு சண்டைக்கு வந்தவனுவ உண்டு. கிளாஸைத் திருப்பி வச்சிக் குடிலேன்னு நானும் விட்டதில்ல.

டவுன்ல காலேஜுல நட்சத்திரப் பாடம் சொல்லிக்குடுக்கிற ஒரு டீச்சரம்மா கேள்விப்பட்டு வந்தாவ. செருப்பைக் கழட்டிட்டு வரப்புல நடந்து போயி, பெரியவர் பக்கத்துல குத்தவச்சி உக்காந்து, ரொம்ப நேரம் கையை வச்சிக்கிட்டே இருந்தாவ. அப்புறம் எங்களைப் பாத்து, "இதை வெள்ளைக் குள்ளன்னு சொல்லுவாங்க. ரொம்ப ரொம்பப் பழசு. உள்ள எரியிறதுக்கு இனி ஒண்ணும் இல்லை. ஒரு காலத்துல எரிஞ்ச சூடுதான் மிச்சம். அதுவும் கொஞ்சம் கொஞ்சமா ஆறிக்கிட்டே வரும். ஆற ஆற, உங்க பாத்தியில உப்பு பூக்குதே, அதே மாதிரி உள்ளுக்குள்ள கட்டிப்படும்"னு சொன்னாவ. சொல்லும்போது கண்ணு கலங்கிருச்சி. டீ குடிச்சாவ, ஒண்ணும் கேக்கல, ஒண்ணும் எடுக்கல, போயிட்டாவ. அதுதான் எங்களுக்கு இடிச்சிச்சி. அம்புட்டு தூரம் வந்து ஒண்ணுமே எடுக்காமப் போறவ எதையோ எடுத்திருப்பான்னு எலிசம்மா சொன்னா, அன்னையில இருந்து டீச்சரம்மா சொன்ன எதையும் நாங்க கணக்குல வச்சிக்கல.

இப்ப உலகம்மா விசயத்துக்கு வாரேன், அவதான் இந்தக் கதைக்கே காரணம். உலகம்மா எங்க அளத்துல உப்பு வாருறவ. புருசன் வேல்ராசு உப்பு லாரியில கிளீனரு, மலையாளம் மைசூர்னு போயிட்டு எப்பமாவது தலையைக் காட்டுவான். பெரியவர் வாரதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் அவளுக்கு மாசம் தெகையாம ஒரு பொம்பளைப்பிள்ளை பொறந்திருந்துச்சி. பிள்ளையா அது? கையில வச்சா கை நெறையாது. ஆசுபத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்து, அப்புறம் வேற பிள்ளைக்குப் பெட்டி வேணும்னு வீட்டுக்கு அனுப்பிட்டாவ. அனுப்பும்போது நர்ஸம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லி அனுப்பிச்சி: "பிள்ளை உடம்பு ஆறாமப் பாத்துக்கோ. ஆறிருச்சின்னா எங்ககிட்ட தூக்கிட்டு வாரதுக்குள்ள போயிரும்." பேரு வைக்கல. நிக்குமா போயிருமான்னு தெரியாத பிள்ளைக்குப் பேரு வச்சா, பேரும் சேந்து போயிருமேன்னு பயம். ஒடைஞ்ச அரிசி கணக்கா இருக்குதேன்னு நான்தான் குருணைன்னு கூப்பிட்டேன், அப்பிடியே நின்னுபோச்சி.

ஐப்பசி மழை எறங்குச்சி. உப்பளத்துல மழைன்னா சோத்துக்கு லீவுன்னு அர்த்தம். பாத்தியெல்லாம் கொளமாயிரும், வேலை நின்னுரும், ஈரம் செவுரு வழியா ஏறி அரிசிப்பானை வரைக்கும் போயிரும். ஆனா அந்த வருசம் பெரியவர் இருந்த பாத்தியில மட்டும் மழைத்தண்ணி ஆவியா எந்திரிச்சிப் போச்சி, அடியில உப்பு பூத்துச்சி, கல்கண்டு கணக்கா பெருசு பெருசா. மழைக்காலத்துல உப்பு வாரினவிய உலகத்துலயே நாங்கதான் இருக்கும். அதுபோக ஆளாளுக்கு ஒரு வேலை அவருகிட்ட. தொவைச்ச துணியக் காயப்போட ஒருத்தி, நனைஞ்ச வெறகை அடுக்க ஒருத்தி, கருவாட்டைப் பரப்ப ஒருத்தி, மொளகா வத்தலைக் கொட்ட ஒருத்தின்னு ஆளாளுக்கு மொறை வச்சி, மொறையில ஒருத்தி கொஞ்சம் கூட உக்காந்துட்டான்னு அடுத்தவ மூக்கைச் சிந்தி, அந்த வரப்பே சந்தையாப் போச்சி.

உலகம்மா ஒண்ணையும் காயப்போடல. பிள்ளையை மாரோட கட்டிக்கிட்டு, ஓலைப்பட்டையைத் தலைக்கு மேல கவுத்திக்கிட்டு, பெரியவர் பக்கத்துல முதுகை வளைச்சி உக்காந்திருப்பா. விடிஞ்சா வந்துருவா, இருட்டினா போவா. அந்தச் சூடு பிள்ளை முதுகுலயும் அவ சூடு பிள்ளை வயித்துலயுமா, ரெண்டுக்கும் நடுவுல குருணை மெல்ல மெல்ல சவ்வு மாதிரி இருந்த தோலு போயி, ரத்தம் ஏறி, அழக் கத்துக்கிட்டுச்சி. மொத மொதலா சத்தம் போட்டு அழுத அன்னைக்கு நான் கடையில இருந்தே கேட்டேன். எனக்கு ஒண்ணும் கண்ணு கலங்கல, அடுப்புப் புகை.

கார்த்திகையில ஒரு நாள் காலையில, எங்க கங்காணி தவசி அண்ணாச்சி பெரியவர் மேல பொறங்கையை வச்சிப் பாத்தாவ. காச்சலுக்கு வச்சிப் பாப்பமே, அப்பிடி. வச்சிட்டு, எடுத்துட்டு, திரும்பவும் வச்சிட்டுச் சொன்னாவ: "சூடு கொறைஞ்சிருக்கு."

இங்கனதான் எங்க ஆளுவ புத்தியைச் சொல்லணும். உப்பளத்துல ஒரு சட்டம் உண்டு. சாயங்காலம் பாத்த அம்பாரம் காலையில கொறைஞ்சிருந்தா ஒண்ணு மழை கரைச்சிருக்கணும், இல்ல எவனோ அள்ளியிருக்கணும்; மூணாவது காரணம் கிடையாது. அதுக்குத்தான அம்பாரத்து ஓரத்துல ஈர உப்பைத் தட்டி, மரக்கட்டையில செதுக்கின முத்திரையை வரிசையா அழுத்தி வைக்கிறது; ஒரு கை உப்பு அள்ளினாலும் முத்திரை ஒடைஞ்சி காட்டிக்குடுத்துரும். அந்தப் பழக்கத்துலயே ஊறினவிய நாங்க. பெரியவருக்கு மழை ஒண்ணும் பண்ணாதுன்னு கண்ணால பாத்தாச்சி. மழை இல்லன்னா திருட்டு. யாரு?

அன்னைக்கு என் கடை வாசல்ல கூட்டம். அண்ணாச்சி பெஞ்சில உக்காந்திருந்தாவ, பொம்பளைய நின்னாளுவ, மழை தூறிக்கிட்டிருந்துச்சி.

"யாரு அங்கன அதிக நேரம் இருக்கான்னு எல்லாருக்கும் தெரியும்"னா எலிசம்மா, யாரையும் பாக்காம.

"நேரா சொல்லுக்கா"ன்னா உலகம்மா.

"நேராவே சொல்லுதேன். துணி காஞ்சா துணி கனக்கலை, வெறகு காஞ்சா வெறகு கனக்கலை. ஒன் பிள்ளை மட்டும் நாளுக்கு நாள் கனக்குது. அங்க கொறையுது, இங்க கூடுது. எங்களுக்குக் கண்ணு இல்லன்னு நெனைச்சியா?"

"பால் குடிக்கிற பிள்ளை கனக்காம என்ன செய்யும்? அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க."

அண்ணாச்சி தரையைப் பாத்தாவ. "எல்லாருக்கும் பொதுவுல வந்தவரு உலகம்மா. ஒருத்தர் மட்டும் எடுத்தா…"

எனக்கு வந்துச்சே கோவம். பிள்ளைக்காக இல்ல, அவளுவ பேச்சுல இருந்த கூறுகெட்டத்தனத்துக்காக. தோசைத் திருப்பியைக் கல்லு மேல தட்டி எல்லாரையும் திரும்ப வச்சேன். தினமும் சாயங்காலம் வியாபாரம் முடிஞ்சி அடுப்பை அணைச்சதுக்கப்புறம் கல்லுல மிச்சமிருக்க சூட்டுல நான் ஒரு தோசை ஊத்திக்கிடுவேன். அது எனக்கு. கடைசித் தோசை. தீயில வேகுற தோசை மாதிரி இல்லாம மெதுவா, மெத்துன்னு வேகும். மொதலாளியே வந்து கேட்டாலும் அதைக் குடுத்ததில்ல, அது எல்லாருக்கும் தெரியும்.

"ஏளா, தெனம் பாக்கியள்லா? அடுப்பை அணைச்சிட்டு ஒரு தோசை சுடுதேன். நான் சுட்டதாலயா கல்லு ஆறுது? சுடாமப் படுத்தாலும் காலையில கல்லு சில்லுன்னுதான கெடக்கும்? சும்மா ஆறப்போற சூட்டுல ஒரு பச்சப்பிள்ளை பொழைச்சா ஒங்களுக்கு எங்கன வலிக்குது?"

எனக்கே என்னை நெனைச்சா பெருமையா இருந்துச்சி. அப்புறம் எலிசம்மா தலையைச் சாச்சிக்கிட்டு மெதுவா கேட்டா: "யாருக்கும் பரிஞ்சி பேசாதவ இன்னைக்கு இவளுக்குப் பேசுத. ஒனக்கு அதுல என்ன பங்குக்கா?"

அம்புட்டுத்தான். இருந்த சந்தேகம் பாதி என் பக்கம் திரும்பிருச்சி. அவளைக் குத்தம் சொல்ல மாட்டேன். அவ எடத்துல நான் இருந்தா நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

மறுநாளே பெரியவருக்கு முத்திரை வச்சாச்சி. சுத்தி கொஞ்சம் எடம் விட்டு ஈர உப்பைச் செவுராக் கட்டி, ஆள் ஒசரத்துக்கு ஏத்தி, மேல பனையோலை வேய்ஞ்சி, அடியைச் சுத்தி அண்ணாச்சி கையாலயே முத்திரையை அழுத்துனாவ. திருடன் யாருன்னு தெரியிற வரைக்கும் யாருக்கும் சூடு கிடையாதுன்னு முடிவு. காவலுக்கு ஒருத்தனை வச்சானுவ, அவனை நம்ப முடியாதுன்னு அவனைப் பாக்க இன்னொருத்தனை வச்சானுவ, ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டா என்ன செய்யுறதுன்னு ரெண்டு பேரையும் நடுவுல பேசாம இருக்கச் சொன்னானுவ. துணி நனைஞ்சே கெடந்துச்சி, கருவாடு நாறுச்சி, பாத்தியில உப்பு பூக்கிறது நின்னுபோச்சி. பரவாயில்ல, அடுத்தவளுக்கும் கெடைக்கலைல்லா, அதுல ஒரு நிம்மதி எல்லாருக்கும்.

உலகம்மா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு என் கடைக்கு வந்தா. "வீட்டுல கூரை ஒழுகுது, இங்கன அடுப்போரமா கொஞ்சம் இருந்துக்கிடுதேன்"னா. சரி இருன்னேன். இருக்கச் சொல்லிட்டு சர்க்கரை டப்பாவை எட்டி வச்சேன், அது வேற விசயம். ஆனா வெறகு அம்புட்டும் ஈரம். அடுப்பு எரிஞ்சதை விடப் பொகைஞ்சதுதான் அதிகம். குருணைக்கு இருமக் கூடத் தெரியல, மூஞ்சி சுருங்கிச் சுருங்கி விரியுது. தள்ளி உக்காந்தா குளிரு, கிட்ட வந்தா பொகை. மாரோட அணைச்சாலும் தாயுமே நனைஞ்சவதான, அவ உடம்புல என்ன சூடு இருக்கும்? நாள் போகப் போக பிள்ளை அழுகிறது கொறைஞ்சிச்சி. அப்புறம் பால் குடிக்கிறது கொறைஞ்சிச்சி.

ஒரு காலையில மழை சாத்து சாத்துன்னு சாத்துது, உலகம்மா என்னைப் பாத்து, "அக்கா, இங்க பாருங்களேன்"னா. சத்தமே இல்லாம சொன்னா. பிள்ளையோட ஒதடு நாவப்பழம் தின்னாப்புல இருந்துச்சி. பாதத்தைத் தொட்டேன். ஆறிப்போன கல்லைத் தொட்ட மாதிரி இருந்துச்சி.

அதுக்கப்புறம் நடந்ததைத்தான் ஊரு இன்னைக்கு வரைக்கும் பேசுது. காவலுக்கு நின்ன ரெண்டு பேரையும் "ஒருத்தனை ஒருத்தன் பாத்தது போதும், சூடா டீ இருக்கு, வாங்கலே"ன்னு யாரோ கூப்பிட்டிருக்காவ. அவனுவ ஓடி வந்து அடுப்போரமா டீயைக் குடிச்சி முடிக்கிறதுக்குள்ள, யாரோ அந்தப் பக்கமா மழையோட மழையா போயி, முத்திரையை ஒடைச்சி, உப்பை நோண்டி, ஒரு ஆளு தவழ்ந்து உள்ள போற அளவுக்கு ஓட்டை போட்டு, உலகம்மாளையும் பிள்ளையையும் உள்ள தள்ளியிருக்காவ. யாருன்னு யாருக்கும் தெரியாது. உப்புல தோசைத் திருப்பி அடையாளம் இருந்துச்சாம். தோசைத் திருப்பி ஊருல என்கிட்ட மட்டுமா இருக்கு?

காவல்காரனுவ கத்தினானுவ. ஊரே கொட்டுற மழையில ஓடி வந்துச்சி, தவசி அண்ணாச்சி வேட்டியை மடிச்சிக் கட்டிக்கிட்டு முன்னால, எலிசம்மா பின்னால, திருடனைப் பிடிச்சிட்டோம்ங்கிற சந்தோசம் எல்லா மூஞ்சியிலயும். ஓட்டை வழியா அண்ணாச்சி தலையை விட்டுப் பாத்தாவ. நானும் பின்னாலயே எட்டிப் பாத்தேன். உள்ள சுத்திலும் வெள்ளை வெளேர்னு உப்புச்செவுரு, நடுவுல பெரியவர், அவரு மேல முதுகைச் சாச்சிக்கிட்டு உலகம்மா, அவ மடியில குருணை. வெளிய அம்புட்டு மழை, உள்ள ஒரு சத்தமில்ல. பிள்ளையோட ஒதட்டுல நெறம் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பிக்கிட்டிருந்துச்சி, எல்லாரும் அதையே பாத்துக்கிட்டு நின்னோம். பிள்ளை வாயைத் தெறந்து, ஊரைக் கூட்டுற மாதிரி ஒரு அழுகை அழுதுச்சி பாருங்க, அண்ணாச்சி தன்னையறியாம "அப்பாடா"ன்னுட்டாவ.

அப்புறந்தான் கங்காணின்னு ஞாபகம் வந்து, கையை நீட்டிப் பெரியவரைத் தொட்டுப் பாத்தாவ. பாத்தவிய மூஞ்சி மாறிப்போச்சி. "முத்திரை வச்சப்ப இருந்ததை விட ஆறிருக்காரு. ரொம்பவே ஆறிருக்காரு. முத்திரை இன்னைக்குக் காலையில வரைக்கும் ஒடையல. நான் தெனம் பாத்தேன்."

உள்ள யாரும் போகல, வெளிய ஒண்ணும் வரல, இருந்தும் சூடு போயிருக்கு. சரி, இத்தோட புத்தி வந்திருக்கும்னு நெனைப்பிய. எலிசம்மா சொன்னா: "அப்பம் திருடன் உள்ளதான் இருந்திருக்கான். இவரேதான் தன் சூட்டைத் தானே எடுத்து எங்கனயோ ஒளிச்சி வைக்காரு." ஆமா ஆமான்னு நாலு பேரு தலையாட்டினாவ. தன்னால ஆறுதுன்னுதான டீச்சரம்மாவும் நானும் சொன்னோம், ஆனா அப்பிடிச் சொன்னா எங்க ஆளுவளுக்கு ஏறாது. ஒரு திருடனைக் காட்டினாத்தான் ஏறும். எப்பிடியோ, உலகம்மாளைத் திருடின்னு சொல்லுறதை அன்னையோட விட்டாவ. அந்த உப்புக்குகையை யாரும் கலைக்கல. மழை ஓயுற வரைக்கும் உலகம்மாளும் பிள்ளையும் அதுக்குள்ளயே கெடந்தாவ. போற வாரவிய எல்லாம் உள்ள எட்டிப் பாத்து, பிள்ளையைப் பாக்கலை, பெரியவரு எங்க ஒளிச்சி வைக்காருன்னுதான் பாத்தோம்னு சொல்லிட்டுப் போனாவ.

தை பொறந்துச்சி, வெயில் வந்துச்சி, பாத்தி மிதிச்சி, தண்ணி பாய்ச்சி, மாசியில புது உப்பு பூத்துச்சி. வெயில் வந்ததுக்கப்புறம் யாருக்கு வேணும் பெரியவரு? துணி தன்னால காயுது, கருவாடு தன்னால காயுது. உப்புக்குகையைத் தட்டி லாரியில ஏத்தியாச்சி. பெரியவரு பழையபடி வரப்புல தனியாக் கெடந்தாரு. குருணைக்குப் பேரும் வச்சாச்சி. ஞானப்பூன்னு என் பேரையே வச்சிருக்கா அந்த உலகம்மா. கடையை எழுதி வாங்கப் பாக்காளோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

ஆனிக் காத்து வீசுற காலத்துல பிள்ளை தவழ ஆரம்பிச்சிட்டா. கொழுகொழுன்னு, தொட்டா கை சுடுற மாதிரி ஒடம்பு. உலகம்மா உப்பு வாருறப்ப வரப்புல விட்டுட்டு வாருவா; பிள்ளை எந்தப் பக்கம் விட்டாலும் தவழ்ந்து பெரியவர்கிட்டதான் போகும். டீ குடுக்கப் போன நான் ஒரு நாள் பாத்தேன். பிள்ளை அவரைக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு கன்னத்தை வச்சிப் படுத்திருக்கா. எதுக்கும் இருக்கட்டும்னு அவரைத் தொட்டுப் பாத்தேன். சில்லுன்னு இருந்தாரு. அந்த வெயில்லயும் சில்லுன்னு. பிள்ளை கன்னமும் வயிறும் பட்ட எடத்துல மட்டும் லேசா ஒரு சூடு.

பிள்ளையை வெடுக்குன்னு பிடுங்கி இடுப்புல வச்சிக்கிட்டுக் கத்தினேன்: "ஏட்டி உலகம்மா! நான் அன்னைக்கே சந்தேகப்பட்டேன்! இந்தக் கெழவன் பிள்ளையோட சூட்டை உறிஞ்சுதாரு!"

அவ வாருற பலகையைக் கீழ வச்சிட்டு, முழங்கையால நெத்தி வேர்வையைத் தொடைச்சிக்கிட்டு, பெரியவரையும் பிள்ளையையும் மாறி மாறிப் பாத்தா. பதறவே இல்ல அவ.

"உறிஞ்சிட்டுப் போட்டும்க்கா. நம்ம பிள்ளைக்கு ஊறும்."

பிள்ளை என் இடுப்புல இருந்து நழுவி நழுவி அவரு பக்கமே கையை நீட்டி அழுதுச்சி. எறக்கி விட்டேன். வேற என்ன செய்ய?

அன்னையில இருந்து நான் கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு அந்த வரப்பையே பாத்துக்கிட்டிருக்கேன், கடையில இருந்து நல்லாத் தெரியும். பாத்தா, ஊருல ஒருத்தரும் யோக்கியம் கிடையாது. தவசி அண்ணாச்சி வேலை முடிஞ்சி போறப்ப எதையோ தேடுற மாதிரி அந்தப் பக்கம் போயி, முன்னப் பின்ன பாத்துட்டு, ரெண்டு கையையும் அவரு மேல வச்சிட்டு நிக்காவ. நான் கேட்டா "வரப்பு ஒடைஞ்சிருக்கான்னு பாத்தேன்"ங்காவ. காவலுக்கு நின்னானுவளே, அவனுவ தனித்தனியா வாரானுவ, ஒருத்தனுக்கு ஒருத்தன் தெரியாம. எலிசம்மா கூட, மத்தியானச் சோத்துக்குப் போறப்ப நடையைச் சுருக்கி, யாரும் பாக்கலன்னு நெனைச்சிக்கிட்டு, பொறங்கையால அவரை ஒரு தடவு தடவிட்டு முந்தானையில தொடைச்சிக்கிடுதா. கேட்டா உப்பு ஒட்டியிருந்துச்சாம். ஒரு பய ஒத்துக்கிட மாட்டான். ஒவ்வொருத்தனும் அடுத்தவன் எதையோ எடுக்கத்தான் போறான்னு என்கிட்ட வந்து கோள் வேற.

நான் எதுக்கு மறைக்கணும்? நான் இப்ப கடைசித் தோசை ஊத்திக்கிடுறதில்ல. சாயங்காலம் அடுப்பை அணைச்சதும் தோசைக்கல்லைச் சாக்குல சுத்தி இடுப்புல வச்சிக்கிட்டு, கடல் காத்துக்கு அது ஆறுறதுக்குள்ள விறுவிறுன்னு நடந்து போயி, பெரியவரு மேல சாச்சி வச்சிட்டு, கல்லு சில்லுன்னு ஆகுற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருப்பேன். ஏன்னு கேக்காதிய.

ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் பிடிபடல. எம்புட்டு வெரசாப் போனாலும், நான் கல்லைச் சாய்க்கப் போற அந்த எடத்துல ஏற்கனவே சூடு இருக்கு. வெயில் சூடு இல்ல, கைச்சூடு. எவளோ எனக்கு முன்னாலயே வந்துட்டுப் போயிருக்கா. யாருன்னு கண்டுபிடிக்காம விட மாட்டேன்.